தம்பி கொடுத்த ரத்தம்

பறந்து வந்த சொம்பு வேணியின் நெற்றியைப் பிளந்தபோது காலை ஆறு மணி.

“யாருடி நீ? என் வீட்டுல உனக்கென்ன வேலை?”

கேட்டது வேறு யாருமல்ல, பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்திய கணவன் சுரேஷ்குமார்! ரத்தப் புற்றுநோய்க்காக, காட்டூரிலிருக்கும் அவன் தம்பி அஜித்தின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் பிரித்தெடுத்து அவனுக்கு ஏற்றி முப்பத்தைந்து நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்த பிறகும், குடிக்கிற தண்ணீரைக்கூடக் காய்ச்சி ஆற வைத்துத்தான் வேணி கொடுத்தாள். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

ஓடி வந்த மாமியார் பவுனம்மாள் மகனைத் தடுக்கவில்லை. வாசற்கதவைத்தான் மறித்தாள்.

“அந்த முரட்டுப் பய ரத்தம் வேணாம்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேனே... அவன் கால்ல விழுந்து வாங்கிட்டு வந்தியே! இப்ப அவன் கோவம் பூரா எம்புள்ள ஒடம்புல ஏறிடுச்சு!”

“கோவமெல்லாம் ஏறாது அத்தை... நேத்துலேருந்து கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறாரு. ஞாபகம் தடுமாறினா உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க டாக்டர். வழி விடுங்க!”

“வாயை மூடுடி!”

பவுனம்மாளின் கையிலிருந்து பளாரென்று அறை விழுந்தது. வேணி நிமிர்வதற்குள் சுரேஷ்குமாரின் கைகள் அவள் கழுத்தை இறுக்கின. மூச்சு முட்டியது. அந்த நிலையிலும், ‘ஐயோ, கீழே விழுந்துவிடப் போகிறாரே’ என்றுதான் அந்தப் பைத்தியக்காரி நினைத்தாள்! சட்டென்று பிடி தளர்ந்தது. வாயில் நுரை தள்ள, கைகால் வெட்டி இழுக்க, அவன் தரையில் சாய்ந்தான். அப்போதுதான் பவுனம்மாள் கதவை விட்டு நகர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவனுடைய முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்த டாக்டர் மைதிலி பொறுமையாகவே சொன்னார்.

“இது யார் குணமும் இல்லம்மா. குழந்தையிலேயே வந்து உடம்புல தூங்கிட்டிருக்கிற ஒரு வைரஸ். எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரம் பார்த்து மூளைக்குப் போயிடுச்சு. ரொம்ப அபூர்வமா வரும். இன்னும் தாமதிச்சிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்.”

பவுனம்மாள் தலை நிமிரவில்லை.

பத்து நாள் மருந்து ஏறிய பிறகு சுரேஷ்குமாருக்கு நினைவு தெளிந்தது. நடந்தது மட்டும் ஞாபகமில்லை.

“வேணி... நெத்தியில என்ன தையல்? யாரு அடிச்சா? சொல்லு!”

வேணி நெற்றியைக் கையால் மறைத்தாள்.

“நான்தாண்டா அடிச்சேன்” என்றாள் பவுனம்மாள்.

“நீயெல்லாம் ஒரு அம்மாவா? என் மூஞ்சியில முழிக்காதே... போ!”

வெளியே நடந்தவளை, வேணி வராந்தாவில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“ஏன் அத்தை... ஏன் இப்படிச் சொன்னீங்க?”

“தன் கையாலதான் நடந்துச்சுன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்டி... நீ பட்டதுக்கு இது ஒண்ணுமேயில்ல.” முந்தானையால் மருமகளின் கண்ணைத் துடைத்தாள். “உள்ள போய் அவன் பக்கத்துல இரு. நான் காட்டூர் போறேன். சின்னவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”