கித்தானில் சுற்றிய ஹெட்

"நான் திருடலை சார். அதை முதல்ல நீங்க நம்பணும்," என்று வாசலிலேயே சொன்னாள் மெக்கானிக் அக்கா.

ஓய்வுபெற்ற வாகன இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உள்ள வாங்க. உக்காந்து நிதானமாச் சொல்லுங்க."

அவருடைய மருமகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமனாரிடம் ஒரு வழக்கு வந்தால் போதும், அலுவலகத்தில் அவளுக்குத் தலைவலி என்று லீவுக் கடிதம் போய்விடும்.

விஷயம் இதுதான். பல் டாக்டருக்கு ஒரு பழைய பிளாட்ஹெட் மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சி.சி. அக்காவின் பட்டறை இருப்பதும் டாக்டரின் இடத்தில்தான். நேற்று அவள் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி, எண்ணெய் தடவி, கித்தானில் சுற்றிக் கட்டி மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. மூட்டையைக் காணோம்.

"அந்த ஹெட் வேற எங்கயும் கிடைக்காது சார். சாயந்தரத்துக்குள்ள வரலைன்னா பட்டறையைக் காலி பண்ணுன்னுட்டார். திருடின்னு பேர் வாங்கிட்டு நான் வேற எங்க போய் ஸ்பேனர் பிடிப்பேன்?"

பட்டறையில் எஞ்சின் பிளாக்கின் வாய் துணியால் மூடிக் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை அவிழ்த்தார். மருமகள் எட்டிப் பார்த்தாள். பிஸ்டன், அதற்குப் பக்கத்திலேயே பிளாக்கில் பதித்த இரண்டு வட்டங்கள்.

"அந்த ரெண்டும் வால்வு," என்றாள் அக்கா.

"அப்போ ஹெட்டுல என்ன இருக்கும்?" என்றாள் மருமகள்.

"பிளக் போட ஒரு ஓட்டை. மத்தபடி சட்டிக்கு மூடி மாதிரிதாம்மா."

அக்காவை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்கள். பட்டறையின் இன்னொரு சாவி தன் வீட்டு ஆணியில் தொங்குவதாக டாக்டர் சொன்னார். "எனக்கு அந்த வண்டியில ஏறி உக்காரத்தான் தெரியும். மச்சான்தான் நேர்ல பாத்திருக்கான், கேளுங்க."

டாக்டருடைய மனைவியின் தம்பி தயாராக இருந்தான். "நேத்து மத்தியானம் அந்த வழியா வந்தேன் சார். மூட்டையோட வெளிய வந்தாங்க. 'ஹெட்டுல வால்வு தேஞ்சு போச்சு, வெளிய குடுத்து மாத்திட்டு வரேன்'னாங்க. என் காதால கேட்டேன்."

"நல்ல காது," என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே தம்பியின் ஸ்கூட்டர் நின்றது. சீட்டின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. மருமகள் மாமனாரின் முழங்கையைக் கிள்ளினாள். "பாத்துட்டேம்மா. அந்த வண்டியும் வரட்டும்," என்றார் அவர்.

கால் மணி நேரத்தில் எல்லோரும் பட்டறையில் கூடினார்கள்.

"டாக்டர், இந்த எஞ்சினுக்கு வால்வு எங்க இருக்கு பாருங்க. பிளாக்குல. ஹெட் வெறும் மூடி. இருபது வருஷமா இதைப் பிரிச்சுப் பூட்டுறவங்க, 'ஹெட்டுல வால்வு தேஞ்சு போச்சு'ன்னு தூக்கத்துலகூட உளற மாட்டாங்க. இந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் வால்வு ஹெட்டுலதான். அதை மட்டும் பழகினவர் சொன்ன பொய் இது."

நுணலும் தன் வாயால் கெடும். தம்பியின் முகம் வெளுத்தது.

"ஒரு சந்தேகம் மாமா," என்றாள் மருமகள். "எடுத்தவர் ஹெட்டைப் பாத்திருப்பாரே, தெரிஞ்சிருக்காதா?"

"பிரிச்சே பாக்கலை. பிளாக்கும் துணிக்குள்ள இருந்தது. தம்பி, சீட்டைத் திறங்க."

சீட்டுக்கடியில் கித்தான் மூட்டை இருந்தது. அக்கா அதை வாரி எடுத்தாள். "நான் போட்ட முடிச்சு சார்! அப்படியே இருக்கு!"

"இந்த இடத்துல ஷோரூம் வைக்கணும்னு..." என்று இழுத்தான் தம்பி. டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. அக்காவை நோக்கிக் கைகூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. இந்தப் பட்டறை என்னிக்கும் உனக்குத்தான்."

அவர்கள் போனபின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வயித்துல பால் வாத்தீங்க சார். இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

"நீங்க ஏற்கெனவே செஞ்சாச்சும்மா. பத்து வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு வண்டியைச் சோதிக்க இங்க வந்தேன். ஹெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, 'வால்வைக் காணோமே, யார் எடுத்தது?'ன்னு அதட்டினேன். சுத்தி அத்தனை பேர். நீங்க சிரிக்காம பிளாக்கைத் தொட்டுக் காட்டினீங்க. அன்னிக்கு நீங்க என் மானத்தைக் காப்பாத்தி, இதையும் கத்துக் குடுக்கலைன்னா, இன்னிக்கு அவன் சொன்னதை நானும் நம்பியிருப்பேன். நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான்."

அக்கா ஹெட்டை நெஞ்சோடு அணைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிச்சேன் சார்," என்றாள். "நீங்க தெருமுனை திரும்பினதுக்கப்புறம்."