முனியராஜ் மாமாவின் பெயர்

எப்சிபாவுக்கு அந்த டிசம்பரில் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டால் போதும், எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். கடவுளுக்கு நன்றி சொல்கிற 'ஸ்தோத்திரம்' என்பதுதான் அந்த வார்த்தை.

வீட்டுக்கு வருகிற சபைக்காரர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொல்லிவிடுவார்கள். "ஸ்தோத்திரம்! ஞானதுரை உயிரோட வந்துட்டாரு, ஸ்தோத்திரம்!" அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னால்தான் என்ன? தெருமுனை வரைக்கும் கேட்கும்.

தெருமுனையை விடுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே! இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். முன்பெல்லாம் எப்சியின் அப்பா ஞானதுரை இந்தப் பக்கம் தும்மினால், "நூறு ஆயுசுலே!" என்று முனியராஜ் மாமா அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். அப்பா வேண்டுமென்றே இன்னொரு தும்மல் போடுவார். "பாரு, இவனுக்கு இருநூறு வேணுமாம்!" என்று மாமா சிரிப்பார்.

இப்போது அந்தப் பக்கம் மாமா இல்லை. அவர் மனைவி வள்ளித்தாய் அத்தையும் மகள் செல்வலட்சுமியும் மட்டும் இருக்கிறார்கள்.

அப்பாவும் மாமாவும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள். தீபாவளி சீசனில் ஒரு நாள் வெடிமருந்து அறையில் தீப்பிடித்தது. மாமா முதலிலேயே வெளியே ஓடி வந்துவிட்டார். அப்பாவைக் காணோம் என்றதும் திரும்ப உள்ளே போனார். கீழே விழுந்து கிடந்த அப்பாவை இழுத்து வந்து வாசலுக்கு வெளியே தள்ளினார். அதற்குள் அறை வெடித்து அவர் மேலேயே சரிந்துவிட்டது.

அப்பா கைகள் வெந்து, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். மாமா திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் சண்டை என்று ஒன்றும் வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட ஒரு நாள் சமாதானம் ஆகியிருக்கும். பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயடியில் எப்சியின் அம்மாவைப் பார்த்தால் வள்ளித்தாய் அத்தை பாதிக் குடத்தோடு எழுந்து போய்விடுவாள். ஆறாம் வகுப்பில் எப்சியின் பக்கத்திலேயே உட்காரும் செல்வலட்சுமி கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

காலையில் எழுந்து கட்டிலில் அப்பாவைப் பார்த்ததும் எப்சிக்குச் சந்தோஷம் வரும். உடனே சுவரைப் பார்ப்பாள். சந்தோஷப்பட்டது திருட்டுத்தனம் செய்ததுபோல இருக்கும். இப்படி ஒரு கஷ்டம் யாருக்காவது வருமா, சொல்லுங்கள்!

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் வந்தார். நல்ல மனிதர். குரல்தான் வெண்கல மணி.

"ஞானதுரை! பண்டிகை ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும்" என்றார். கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். "மைக்செட்டு போடுறோம். ஊரே கேக்கட்டும்!"

உபதேசியார் கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டு விளக்கை அணையாமக் காத்தீரே, ஸ்தோத்திரம்! இந்தப் பிள்ளைக்குத் தகப்பனைத் திரும்பத் தந்தீரே, ஸ்தோத்திரம்!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரம் 'டங்' என்று தரையில் விழுந்து உருண்டது. விழுந்ததா, எறிந்ததா? எறிந்ததுதான் என்று எப்சிக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, போதும்!" என்று கத்திவிட்டாள்.

ஜெபத்தின் நடுவில் யாராவது கத்துவார்களா? அம்மா பொன்னுத்தங்கம் பதறிப்போய் அவள் வாயைப் பொத்த வந்தாள். எப்சி கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தப் பக்கம் அத்தைக்குக் கேக்குது, ஐயா. எங்கப்பாவ இழுத்துட்டு வந்தது முனியராஜ் மாமா. நீங்க எம்புட்டு நேரமா ஜெபம் பண்ணுறீக! மாமா பேரு ஒரு தடவகூட வரலையே?"

உபதேசியார் கண்ணைத் திறந்தார். "நீ சொல்லுறது சரிதாம்மா" என்று முதல் முறையாக மெல்லிய குரலில் சொன்னார்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என்னால சாட்சி சொல்ல முடியாது ஐயா. என்னை விட்டுருங்க" என்றார். அவர் தோள் குலுங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் அம்மா முறுக்கு சுட்டாள். நட்சத்திரம் தொங்கவிடவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. பெயருக்கு ஒரு பலகாரம்.

அந்த ஊரில் துட்டி விழுந்த, அதாவது சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பண்டிகை வந்தால் அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தீபாவளிக்குத் தெருவே வள்ளித்தாய் வீட்டுக்குக் கொடுத்தது. எப்சியின் அம்மாவும் அதிரசம் சுட்டுத் தட்டில் வைத்து மூடி, போகத் துணியாமல் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றாள். கடைசியில் அதிரசத்தை எறும்பு தின்றது.

"அம்மா, அத்தை வீட்டுக்கு ஒரு தட்டு வையிங்க. நான் கொண்டுபோறேன்" என்றாள் எப்சி.

"வேண்டாம்டி. மூஞ்சியில விட்டெறிஞ்சிருவா."

"எறிஞ்சா பெறக்கிட்டு வாரேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. தட்டை எடுத்து நிறைய வைத்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் செல்வலட்சுமிதான் திறந்தாள். எப்சியைப் பார்த்ததும் திரும்பி உள்ளே பார்த்தாள். வள்ளித்தாய் அத்தை தரையில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கை மட்டும் வேகமாக ஓடியது. தலை நிமிரவில்லை.

"என்ன, முறுக்கைக் குடுத்துச் சரிக்கட்டலாம்னு அனுப்பிவிட்டாகளோ?"

எப்சி வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு எங்கேயோ போய்விட்டது. வழி என்ன வழி, நாலு எட்டு! அதற்குள்ளேயே மறந்துவிட்டது.

"அத்தை, மாமா எங்கப்பாவைக் காப்பாத்துனாக. அதுக்கு நன்றி சொல்ல வந்தேன். எங்க வீட்டுல யாரும் உங்ககிட்ட வந்து சொல்லல."

அத்தையின் கை நின்றது.

"நன்றியா? அத வச்சு நான் என்ன பிள்ள செய்ய?"

"தெரியல அத்தை."

"அவரு பாட்டுக்குத் தப்பிச்சு வந்துட்டாரு. திரும்ப எதுக்குப் போகணும்? போகாம இருந்தா இன்னைக்கு நீ அழுதுக்கிட்டு இருப்ப. எம்மக விளையாடிக்கிட்டு இருப்பா."

வேறு யாராவது என்றால், 'அப்படிச் சொல்லாதீங்க' என்பார்கள். எப்சிக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அத்தை சொன்னதில் பொய் எதுவும் இல்லையே!

"ஆமா அத்தை. அப்ப எங்க வீட்டுக்கு நீங்க முறுக்கு கொண்டு வந்திருப்பீக."

வள்ளித்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மடியிலிருந்த காகிதமெல்லாம் தரையில் உருள, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். செல்வலட்சுமி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எப்சி தட்டோடு வாசலிலேயே நின்றாள்.

"நன்றி வேண்டாம் பிள்ள" என்றாள் அத்தை, மூக்கைச் சிந்தியபடி. "அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு உங்கப்பனுக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு நாளாவது வந்து சொன்னாரா அந்த மனுசன்? நான் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

அட, இதற்காகவா! எப்சி தட்டைச் செல்வலட்சுமியின் கையில் திணித்தாள். ஒரே ஓட்டம். "அப்பா, எந்திரிங்க! அத்தை உங்களத்தான் தேடுறாக!"

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை. ஆனால் சுவர் வழியாக அவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எப்சியும் அம்மாவும் இருபக்கமும் தாங்கிக்கொள்ள, மெல்ல நடந்து வள்ளித்தாய் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எந்த மூஞ்சியோட வந்து நிக்கன்னு தெரியல தாயி" என்றார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். என்ன சொன்னாரு? அத மட்டும் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திட்டினான்."

"என்னது?"

"இழுத்துக்கிட்டு வரும்போது திட்டினான். 'ஏலே ஞானதுரை, எம்புட்டுக் கனம்லே கனக்க! சோத்தைக் கொறைலே!'ன்னான். அதுதான் தாயி. வேற ஒண்ணும் சொல்லல. இதப் போயி உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்னுதான்…"

வள்ளித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் எப்சி முதலில் நினைத்தாள். இல்லை, அழுகையும் சிரிப்புமாகக் கலந்து வந்துகொண்டிருந்தது.

"அவரேதான்! அவரு வாயி அப்படித்தான்!" என்றாள் அத்தை. "கடைசி வரைக்கும் மாறல பாருங்க!"

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தேம்பினார். அம்மா உள்ளே போய் வள்ளித்தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சிதறிய காகிதத்தை எடுத்து அவளும் உருட்ட ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது அத்தை கூப்பிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு உங்க கோயில்ல சாட்சி சொல்லச் சொன்னாகள்ல?"

"நான் சொல்ல மாட்டேன்னுட்டேன் தாயி."

"சொல்லுங்க. ஆனா அவரு பேரைச் சொல்லுங்க. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. இங்கன எனக்குக் கேக்கணும்."

மறுநாள் காலை ஆராதனையில் அப்பா மைக்கின் முன்னால் போய் நின்றார். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அன்றைக்கு எப்சிக்கு அந்த வார்த்தை எரிச்சலாக இல்லை. "எங்க பக்கத்து வீட்டு முனியராஜை எனக்கு நண்பனாக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னவருக்கு அதற்கு மேல் குரல் எழவில்லை. கோயிலே காத்திருந்தது. எப்சி எழுந்து போய் எட்டி மைக்கைப் பிடித்து, "முனியராஜ் மாமா!" என்று தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள்.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய்ச் செல்வலட்சுமியிடம் கேட்டாள். "அத்தைக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அழுதாகளா?"

"நெறைய அழுதாக" என்றாள் செல்வலட்சுமி. "அப்புறம் மிச்சமிருந்த முறுக்கை எல்லாம் எடுத்துத் தின்னுட்டாக. எனக்கு ஒண்ணுகூட வைக்கல. உங்க வீட்டுல இன்னும் இருக்கா?"