மூன்று காப்பாளிகளும் ஒரு கேள்வியும்

காப்பீடு புதுப்பிக்கும் வாரம் வந்துவிட்டால் புதுத்தேரியில் வீட்டுக்கு வீடு கொடியில் நுரையீரல்கள் காயும்.

செவ்வாயின் செம்புழுதி மனித நெஞ்சுக்கு ஒத்துவராது. வெளியே போகும்போது எவ்வளவு இறுக்கமான உடுப்பைப் போட்டாலும் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். அதனால் அங்கே குடியேறிய ஒவ்வொருவருக்கும் விலா எலும்புக்குக் கீழே ஒரு பை வைத்துத் தைத்து, அதற்குள் துணைநுரை என்ற ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பஞ்சு போல இருக்கும், உள்ளங்கையளவு. பிறவி நுரையீரலுக்குப் போகிற காற்றை வடிகட்டிக் கொடுப்பது அதன் வேலை. பல்செட்டைக் கழற்றுவதுபோல் கழற்றலாம், கழுவலாம், மாட்டலாம். ஆண்டு முழுவதும் அழுக்கேறிய துணைநுரையோடு திரிகிறவர்களும், காப்பீட்டுக்காரர்கள் வரும் வாரத்தில் மட்டும் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, கிளிப் மாட்டிக் காயப்போடுவார்கள். சுத்தமாக இருந்தால் பிரீமியம் குறையும் என்று ஒரு பேச்சு. அது நிஜந்தானா என்று யாரும் விசாரித்ததில்லை.

முதன்முதலில் அங்கே குடியேறியவர்கள் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணலைப் பார்த்துவிட்டு, 'நம்ம தேரிக்காடுல்லா இது' என்றார்களாம். ஊர்ப்பெயர் அப்படி வந்தது. அவர்களுடைய பேச்சும் பேரப்பிள்ளைகள் காலம்வரை அப்படியே ஒட்டிக்கொண்டது.

பேச்சியப்பன் மணல்வண்டிகளுக்குச் சக்கரம் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தான். அன்று அவன் தன் துணைநுரையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது முழங்கால் கிறீச்சிட நலன் வந்து நின்றது. நலன், செங்கோள் காப்பு நிறுவனத்தின் காப்பாளி. வீடு வீடாகப் போய்ப் பாலிசி எடுக்கவைக்கிற இயந்திர மனிதர்களுக்கு அங்கே அந்தப் பெயர். பேச்சியப்பனுக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து இந்த நலன்தான் வருகிறது. வீட்டில் பிறந்தநாள் என்றால் வாழ்த்துச் சொல்லும். பட்டறையில் விரல் நசுங்கினால் மறுநாள் வந்து விசாரிக்கும்.

"அண்ணாச்சி, சுகமா இருக்கியளா? வெரலைக் கொஞ்சம் வச்சிட்டியன்னா நான் அடுத்த வீட்டுக்குப் போயிருவேன்."

நலனின் மார்பில் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதில் கட்டைவிரலை வைத்தால் காப்பீடு இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும். பேச்சியப்பன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினான்.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க."

உள்ளேயிருந்து வந்தவள் அவன் மனைவி சண்முகவடிவு. பிராணவாயு ஆலையில் ஷிப்ட் மேலாளர்.

"நலா, நம்ம உலகம்மைக்கு இந்த வருசம் துணைநுரை மாத்தணும். அவ வளந்துட்டா, பழசு பத்தல. இந்தப் பாலிசில அதுக்குக் கெடைக்குமா?"

நலன் பாலிசி விதிகளைப் புரட்டிப் பார்த்தது. "கெடைக்காது மதினி. வளர்ச்சி நோய் இல்லன்னு கம்பெனி சொல்லுது."

"பிரீமியம் மட்டும் ஏறியிருக்கே?"

"வருசா வருசம் ஏறத்தானே செய்யும்."

மகள் உலகம்மைக்குப் பதினாறு வயது. மணல்வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. புதிய துணைநுரை இல்லாவிட்டால் ஊரை மூடியிருக்கும் குவிமாடத்துக்கு வெளியே ஓர் அடி வைக்க முடியாது. ஆயுசுக்கும் உள்ளேயே இருந்து கணக்கெழுத வேண்டியதுதான். கையிலிருந்து வாங்குவது என்றால் வீட்டை விற்றால்தான் உண்டு.

"நாளைக்கு வா நலா" என்றாள் வடிவு.

நலன் போனபின் பேச்சியப்பனுக்கு மனசே சரியில்லை. "ஏட்டி, இத்தனை வருசம் வந்துட்டுப் போற பய. அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி அனுப்பிட்டியே. வேற கம்பெனிக்கு மாறுனா, கிளெய்ம் கெடைக்காத காத்திருப்புக் காலம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்னு சொல்லுதாவ. அதுக்குள்ள என்னமும் வந்தா?"

"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்."

"எல்லாருக்கும் யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தான். எல்லாருக்கும் சொன்னது நலன்தான்.

வடிவு குடியிருப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தாள். பாலிசி முடிகிற தேதிக்கு முன்பே எழுதிக்கொடுத்துவிட்டால், பழைய இடத்தில் காத்திருந்த காலம் புதிய இடத்திலும் செல்லும் என்று தெளிவாகவே இருந்தது. அதை ஒருவரும் படித்ததில்லை என்பதுதான் விஷயம்.

மறுநாள் அவள் செய்த காரியம் புதுத்தேரியில் அதற்கு முன் நடந்ததில்லை. ஊரிலுள்ள மூன்று காப்பீட்டு நிறுவனங்களின் காப்பாளிகளையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாள். செங்கோள் காப்பின் நலன் நடுவில். ஒரு பக்கம் விண்நலம் நிறுவனத்தின் காப்பாளி, மறுபக்கம் துணைவன் நிறுவனத்தின் காப்பாளி. தனித்தனியாகப் பேசியே பழகிய இயந்திரங்கள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன.

விண்நலம் முந்திக்கொண்டது. "எங்க பிரீமியம்தான் ஊருலயே கம்மி. பல் வைத்தியம் இனாம், யோகா வகுப்பு இனாம், வருசத்துக்கு ஒரு..."

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் வடிவு. "நான் மூணு பேருட்டயும் ஒரே கேள்விதான் கேக்கப் போறேன். புயல் அடிக்குது. எம்மவ வண்டியோட வெளிய மாட்டிக்கிட்டா. மூச்சு அடைக்குது. அந்த நேரத்துல யாரு வருவா, எதுல வருவா, எங்க வரைக்கும் வருவா, நாங்க கையில இருந்து என்ன குடுக்கணும்? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பேச்சியப்பன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரம் கழன்ற வண்டியைச் சுற்றிவந்து, சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டிக் கோளாறைக் கண்டுபிடிக்கிற தலைமை மெக்கானிக் ஒருவர் பட்டறையில் உண்டு. அவரைப் பார்க்கும்போது வருகிற வியப்பு அவனுக்கு இப்போது வந்தது.

விண்நலம் மழுப்பியது. வடிவு விடவில்லை. கடைசியில் உண்மை வெளியே வந்தது: அவர்களுடைய மீட்பு வண்டி குவிமாடத்தின் வாசல்வரைதான் வரும். நோயாளியை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வீட்டார் பொறுப்பு.

நலன் சொன்னது: "எங்க வண்டி எவ்வளவு தூரம்னாலும் போவும் மதினி. ஆனா துணைநுரையால வந்த மூச்சடைப்புன்னா, அது அளவான துணைநுரையா இருக்கணும். சின்னதா இருந்தா கிளெய்ம் கெடையாது."

"அளவானதுக்கு நீங்களே தர மாட்டிய."

"ஆமா மதினி" என்றது நலன், தாழ்ந்த குரலில்.

துணைவன் நிறுவனத்துக் காப்பாளி கூச்சப்பட்டுக்கொண்டே பேசியது. "துணைநுரை மாத்தித் தருவோம். வண்டியும் வெளிய போவும். பிரீமியம் விண்நலத்தைவிடக் கொஞ்சம் கூட, இப்ப நீங்க கட்டுறதைவிடக் கம்மி. ஆனா ஒண்ணு, ஆஸ்பத்திரில தனி ரூம் கெடையாது. நாலு பேர் படுக்குற கூடந்தான். அதச் சொன்னதுமே எல்லாரும் வேண்டாம்னுருதாவ."

"மூச்சு ஒழுங்கா வந்தா கூடத்துல படுத்துக்கிடுவா" என்றாள் வடிவு.

அதோடும் அவள் நிற்கவில்லை. சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டாமா? விடுமுறை நாள் முழுவதும் துணைவனிடம் கிளெய்ம் வாங்கிய வீடுகளுக்குப் போய்வந்தாள். பேச்சியப்பனும் கூடப் போனான். ஒரு வீட்டில், வண்டி வந்தது, ஆனால் வழி தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றியது என்றார்கள். இன்னொரு வீட்டில், பணம் வரத் தாமதமானது, ஆனால் ஒரு பைசா குறையாமல் வந்தது என்றார்கள். குறை சொன்னவர்கள்கூடக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லவில்லை.

துணைவனுக்கு மாற முடிவெடுத்த அன்று நலன் அவசர அவசரமாக வந்தது. "மதினி, உங்களுக்காகக் கம்பெனில பேசிட்டேன். பிரீமியத்துல கால்வாசி தள்ளுபடி."

"இத ஏன் போன வருசம் சொல்லல நலா?"

"நீங்க கேக்கலையே மதினி."

பேச்சியப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. துணைநுரைக்கு வழியில்லாத தள்ளுபடியை வடிவு ஏற்கவில்லை. நலன் எழுந்து, கிறீச்சிடும் முழங்காலோடு படியிறங்கிப் போனதைப் பார்க்க மட்டும் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆண்டே உலகம்மைக்குப் புதிய துணைநுரை வைத்தார்கள். முதல்முறையாக அவள் மணல்வண்டியில் ஏறிக் குவிமாடத்தைத் தாண்டிய நாளில் வடிவு ஆலையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்து வாசல் கண்ணாடியருகே நின்றாள். பேச்சியப்பன் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் பெரும் புயல் ஒன்று அடித்தது. வெளியே பயிற்சியில் இருந்த உலகம்மையின் உடுப்பில் கிழிசல் விழுந்து, புழுதி உள்ளே ஏறி, துணைநுரையின் வால்வு இறுகிக்கொண்டது. குவிமாட வாசலின் கருவிப்பலகையில் அவள் மூச்சின் கோடு தாழ்ந்துகொண்டே போவதைப் பெற்றவர்கள் இருவரும் உள்ளே நின்று பார்த்தார்கள். வடிவு பேச்சியப்பனின் கையைப் பிடித்திருந்தாள். துணைவனின் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு சிவப்பு இருட்டுக்குள் போயிற்று, திரும்பியும் வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போனால், உலகம்மை பக்கத்துக் கட்டில்காரர்கள் மூவரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, தனி ரூம்னா போரடிச்சுச் செத்திருப்பேன்" என்றாள்.

பேச்சியப்பன் பட்டறையில் இந்தக் கதையைச் சொன்னான். கேண்டீனில் சொன்னான். தண்ணீர் வரிசையில் சொன்னான். பெஞ்சையும் மூன்று காப்பாளிகளையும் அந்த ஒரே கேள்வியையும் நடித்தே காட்டுவான். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு வந்து வடிவிடம் யோசனை கேட்டார்கள். அவளும் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள்: உங்களுக்கு எது வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களோ, அதையே கேள்வியாக்குங்கள், மூவரிடமும் அதையே கேளுங்கள். வந்தவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுபடியும் புதுப்பிக்கும் வாரம் வந்தது. துணைவனின் காப்பாளி கதவைத் தட்டியது. திறந்த பேச்சியப்பன் அப்படியே நின்றுவிட்டான். மேலுறை வேறு நிறம். முகம் அதே முகம்.

"எய்யா நலா! நீ எப்படிய்யா இங்க?"

"மாறிட்டேன் அண்ணாச்சி" என்று நலன் சத்தமில்லாமல் நடந்து உள்ளே வந்தது. முழங்கால் புதிது. "அன்னைக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்லா, மதினி கேட்ட கேள்விய நானும் எங்க கம்பெனில போய்க் கேட்டேன். புயல்ல நான் விழுந்தா யாரு வருவான்னு. பழைய காப்பாளிக்குப் பழுது பாக்குற வழக்கம் இல்ல, புதுசா சேருறதுக்குத்தான் எல்லாம்னாவ. மத்த ரெண்டு இடத்துலயும் விசாரிச்சேன். இங்க வந்துட்டேன்."

பேச்சியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப இங்க வந்து யோசனை கேட்டுட்டுப் போனவிய எல்லாரும் இப்ப உங்கிட்டத்தானா?"

"ஒருத்தரும் வரல அண்ணாச்சி. எல்லாரும் பழைய இடத்துலயே வெரலை வச்சிட்டாவ. பாதிப் பேருகிட்ட நானே போய்த்தான் வாங்குனேன், வாரத் தொடக்கத்துல, அங்கருந்து கெளம்புறதுக்கு முந்தி. மதினியப் பத்திப் பெருமையா பேசிக்கிட்டேதான் வச்சாவ."

"அட மடப்பயலுவளா" என்று சொல்லிச் சிரித்தபடியே பேச்சியப்பன் தன் கட்டைவிரலை நீட்டினான்.

நலன் ஓரடி பின்வாங்கியது. "அண்ணாச்சி, படிச்சிருங்க. பிரீமியம் ஏறியிருக்கு. இங்க இப்ப நீங்க பழைய ஆளு."

"நம்ம பய நீ இருக்கும்போது நான் என்னத்துக்குய்யா படிக்கணும்?" என்று எட்டி, தகட்டில் விரலை அழுத்திவிட்டான்.

சத்தம் கேட்டு வடிவு வந்தாள். தகட்டில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். மற்ற இரண்டு நிறுவனங்களையும் அவள் சாயங்காலத்துக்கு வரச்சொல்லியிருந்தாள்.

"மதினி" என்றது நலன், "ஆளுவள ஏமாத்துறதுக்கு எங்களுக்குத் தனியா பாடம் சொல்லிக்குடுத்திருப்பாவன்னு நீங்க நெனச்சிருப்பிய. அப்படி ஒண்ணுமே கெடையாது. கதவத் தட்டணும், தெரிஞ்ச மூஞ்சியா இருக்கணும். அவ்வளவுதான் எங்களுக்குள்ள எழுதியிருக்கு."

வடிவு அந்தப் பச்சை விளக்கைச் சுட்டிக்காட்டினாள். "நலா, வாங்குன பாலிசியத் திருப்பிக் குடுக்கணும்னா எத்தன நாள் தவணை?"

நலனின் கண்களில் விளக்கு கூடுதலாக ஒளிர்ந்தது. "பதினஞ்சு நாள் மதினி. கேட்டாத்தான் சொல்லலாம்னு விதி. இந்த ஊருல இதுவரைக்கும் கேட்டது நீங்க ஒருத்திதான்."

"அப்ப சாயங்காலம் நீயும் வா. பெஞ்சுல எடம் இருக்கு."

பேச்சியப்பன் மனைவியை வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பெருமையில் நெஞ்சு விம்மியது. நாளைக்குப் பட்டறையில் சொல்ல இன்னொரு கதை கிடைத்துவிட்டது. இந்தப் பதினைந்து நாள் விஷயத்தைக் கேட்டால் அசந்துபோவார்கள். அசந்துபோவதற்கு அவர்களுக்கு நேரமும் இருந்தது. எல்லாருமே ஏற்கெனவே விரலை வைத்து முடித்திருந்தார்கள்.