தத்ரூபமாய் ஒரு சாவு

"கட்!" என்று கத்தினார் டைரக்டர் பஞ்சநதம்.

பாறைக்குக் கீழே மல்லாந்து கிடந்த கண்ணுசாமி எழுந்திருக்கவில்லை.

"போதும் கண்ணுசாமி... எந்திரிங்க. காப்பி ஆறுது."

அப்போதும் எழுந்திருக்கவில்லை.

யாரோ சிரித்தார்கள். படத்தில் கொடுங்கோல் ஜமீன்தார் வேஷம் கட்டினாலும், கண்ணுசாமி கொஞ்சம் குறும்புக்காரர். செத்த மாதிரி கிடந்து, கிட்டே போகிறவன் காதில் 'பே' என்று கத்துவார்.

சந்தனராஜும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

குனிந்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளை ஜிப்பாவின் நெஞ்சில் சிவப்பு... பரவிக்கொண்டிருந்தது!

ஆட்டு நீர்ப்பையில் சாயம் ஊற்றி நடிகர்களின் நெஞ்சில் கட்டுகிற வேலை சந்தனராஜுடையது. இன்றைக்கு அவன் கட்டவில்லை. தூரத்து ஷாட், ரத்தம் தேவையில்லை என்று டைரக்டரே சொல்லியிருந்தார். பை டிரங்குப் பெட்டிக்குள் காலியாகக் கிடந்தது.

அப்படியானால் இது...

"சார்..." என்றான். "சார், இது நம்ம ரத்தம் இல்ல."

கதாநாயகன் ஆண்டியப்பனின் கையிலிருந்து துப்பாக்கி நழுவிப் பாறையில் விழுந்தது. இரும்புச் சத்தம் கேட்டது. சந்தனராஜ் செய்த துப்பாக்கி விழுந்தால் கட்டைச் சத்தம்தான் கேட்கும்.

*

சந்தனராஜ் ஆவூர்க்காரன். மாதா கோயில் தேருக்குச் சம்மனசு, அதாவது இறக்கை வைத்த தேவதூதர், செதுக்குகிற தச்சன். மெட்ராசிலிருந்து சினிமாக் கம்பெனி ஒன்று வந்து சித்தன்னவாசல் பக்கம் கூடாரம் அடித்ததும், சம்மனசை அப்படியே பாதி இறக்கையோடு நிறுத்திவிட்டுத் துப்பாக்கி செதுக்க ஓடி வந்துவிட்டான். சினிமா ஆசை யாரை விட்டது?

பலா மரத்தில் கட்டை. இரும்புக் குழாய்க்குப் பதில் புகைக்கரி பூசிய மரக்குழல். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் வேட்டு மருந்து. விசையைத் தட்டினால் 'பொசுக்' என்று புகை வரும். மாதிரிக்கு, அன்னவாசல் பக்கத்து வேட்டைக்காரர் மூக்கனின் நாட்டுத் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு அச்சு அசலாகச் செய்திருந்தான்.

டைரக்டர் பஞ்சநதத்துக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும். இங்கிலீஷ் படங்களில் சுடுகிறவன் தோள் ஆட்டம் கண்டுவிடுகிறதாம். நம் ஆண்டியப்பன் சுட்டால் சாமிக்கு விசிறி வீசுகிறவன் மாதிரி நிற்கிறானாம். புகை இருந்து என்ன, உதை எங்கே என்று கேட்டார்.

மரம் உதைக்காது. அதற்குச் சந்தனராஜ் என்ன செய்வான்?

ஆகவே மூக்கனின் நிஜத் துப்பாக்கியே படத்துக்கு வந்தது. மருந்து மட்டும் போதும், ஈய ரவை கூடாது என்று கண்டிப்பாகப் பேச்சு.

வந்த இடத்தில்தான் கண்ணுசாமி செத்துப் போனார்.

*

புதுக்கோட்டையிலிருந்து சமஸ்தானத்து இன்ஸ்பெக்டர் திருப்பதி காரில் வந்து இறங்கினார். பிணத்தைப் பார்த்தார். துப்பாக்கியை முகர்ந்து பார்த்தார். கம்பெனி ஆட்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"துப்பாக்கிக்கு யாருய்யா பொறுப்பு?"

அத்தனை விரலும் சந்தனராஜைக் காட்டின. அதில் டைரக்டரின் மோதிரம் போட்ட விரல் முந்திக்கொண்டது.

"இங்கிட்டு வா. மருந்து கெட்டிச்சது யாரு?"

"மூக்கண்ணன்ங்க."

"நீ பாத்தியா?"

"மருந்து போட்டதைப் பாத்தேங்க. தேங்கா நாரு வச்சு இடிச்சதையும் பாத்தேன். அப்பப் பாத்து டைரக்டர் கூப்ட்டாருங்க... போயிட்டேன்."

"அப்பொறம்?"

"திரும்பி வந்து துப்பாக்கிய வாங்கிக் கொண்டாந்து ஆண்டியப்பன் கையில குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சந்தனராஜுக்கு.

"பொணத்து நெஞ்சுல ரவை இருக்கு. துப்பாக்கி அந்த மூக்கன் கையில இருந்துச்சு... ஒன் கையில இருந்துச்சு. ரெண்டு பேருல ஒருத்தன் போட்டிருக்கான். எவன்னு நீ சொல்றியா, இல்ல ரெண்டு பேரையுமே ஏத்தவா?"

ஆவூரில் சந்தனராஜின் மனைவி ஞானசெல்வி நிறைமாதமாக இருந்தாள். இன்றோ நாளையோ என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பிள்ளை பிறக்கும்போது அப்பன் லாக்கப்பில் இருந்தால் ஊர் என்ன பேசும்? பிறகு தூக்கு என்றால்?

மனிதன் பயந்துவிட்டால் நாக்குக்கு எலும்பு இல்லாதது தெரிந்துவிடுகிறது.

"நேத்து..." என்று ஆரம்பித்தான். "கண்ணுசாமி ஒக்கார்ற நாக்காலியில மூக்கண்ணன் தெரியாம ஒக்காந்துட்டாருங்க. எல்லாரும் பாக்கக் கண்ணுசாமி அவரு கன்னத்துல அறைஞ்சுட்டாரு."

சொல்லிவிட்டான். சொன்ன நிமிஷமே வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் அதற்குள் திரும்பிவிட்டார்.

"கூப்பிடுய்யா அந்த மூக்கனை!"

*

மூக்கன் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"நாந்தாங்க எசமான் ரவை போட்டேன்."

கூட்டத்தில் ஒரு பொருமல்.

சந்தனராஜ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அறைஞ்சதுக்குப் பழி வாங்கிட்ட. அப்படித்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அறைஞ்சதுக்கு இல்லீங்க. அவரு நல்லா இருக்கணும்னுதான் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் திருப்பதி தன் உத்தியோகத்தில் பல மாதிரிப் பதில் கேட்டவர். இப்படி ஒன்று கேட்டதில்லை.

"என்னய்யா, வெயில் தலைக்கேறிருச்சா?"

"எங்க ஊர்ல வெறும் மருந்து வேட்டு எப்பங்க போடுவோம்? வேட்டைக்காரன் செத்தா, பாடைக்கு முன்னால போடுவோம். மத்தபடி வெறும் மருந்து வெடிக்கிறதே கெடையாது. உசுரோட நிக்கிற மனுசனுக்கு முன்னால வெடிச்சா, அவனுக்கு நாமளே பாடை கட்டுற மாதிரி. அவரு கோவக்காரருதான், அறைஞ்சவருதான்... அதுக்காகச் சாவு வேட்டுப் போட முடியுமாங்க? புள்ளகுட்டிக்காரரு. அதான் தோசம் கழியட்டும்னு ஒரு சிட்டிகை குருவி ரவை சேத்தேன்."

"அந்தக் குருவி ரவை ஆளைக் கொல்லும்னு ஒனக்குத் தெரியாது?"

"கிட்டத்துல நேரா சுட்டாக் கொல்லும்ங்க. ஆனா தள்ளி இருக்கிற பாறையப் பாத்துத்தான் சுடுவாங்கன்னு தம்பி சொன்னிச்சே."

மூக்கன் சந்தனராஜைப் பார்த்தார். காட்டிக்கொடுத்தவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. சொன்னாய்தானே என்று சரிபார்த்துக்கொள்கிற பார்வை. அதைத்தான் சந்தனராஜால் தாங்க முடியவில்லை.

"சொன்னேங்க" என்றான். "நாந்தான் சொன்னேன். டைரக்டர் சார் காலையில எங்கிட்ட அப்படித்தான் சொன்னாரு."

மிச்சத்தையும் கொட்டிவிட்டான். துப்பாக்கி கெட்டித்து முடிந்ததும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விலக்கச் சொல்லி மூக்கனைத் தூர அனுப்பிவிட்டார்கள். காமிராவும் ஒலிப்பதிவும் ஓடத் தொடங்கிய பிறகு, டைரக்டருக்குத் திடீரென்று தத்ரூபம் வந்துவிட்டது. பாறையைப் பார்த்துச் சுட்டால் பச்சைக் குழந்தைகூட நம்பாது, நெஞ்சுக்கு நேராகப் பிடி, வெறும் மருந்துதானே என்று ஆண்டியப்பனிடம் கத்தினார். சந்தனராஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனும் வெறும் மருந்து என்றே நினைத்தான். பேசாமல் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் டைரக்டரிடம் திரும்பினார்.

"நெசமா சார்?"

பஞ்சநதம் சிகரெட்டைத் தட்டினார்.

"பாறையைப் பாத்துத்தான் சுடச் சொன்னேன். ரவை செதறிப் பட்டிருக்கும். என்ன ஆண்டியப்பன்?"

ஆண்டியப்பனுக்கு இதுதான் முதல் படம். படத்தில் அவர் யாருக்கும் அஞ்சாத வீரர்.

"ஆமாங்க" என்று தலையை ஆட்டினார். "பாறையத்தான் பாத்தேன்."

*

மூக்கனை ஏற்றிக்கொண்டு கார் போயிற்று.

அறை வாங்கியவர் அவர். ரவை போட்டவர் அவர். சாவு வேட்டு, தோஷம் என்பதையெல்லாம் எந்தக் கோர்ட்டு நம்பும்? கயிறு ஏறக்குறைய தயார். ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. காமிரா ஓடியிருக்கிறது. துப்பாக்கி எங்கே திரும்பியிருந்தது, டைரக்டர் என்ன கத்தினார் என்பதெல்லாம் அந்தப் பிலிமில் இருக்கிறது. அது வந்துவிட்டால் மூக்கன் கொலைகாரர் இல்லை.

ஆனால் பிலிமை மெட்ராசில்தான் கழுவ முடியும். சமஸ்தானத்து எல்லையைத் தாண்டினால் இன்ஸ்பெக்டர் திருப்பதியின் தொப்பிக்கு மரியாதை இல்லை. கழுவிக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பஞ்சநதம் வாக்குக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொண்டார். பெரிய மனிதர்களின் வாக்கை ஏற்றுக்கொள்ளாமல் இருக்க அவருக்குச் சம்பளம் போதாது.

கேஸ் வாய்தா வாய்தாவாக நகர்ந்தது.

ஞானசெல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. சந்தனராஜ் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினான். கொஞ்சும்போதே மூக்கனின் பார்வை ஞாபகத்துக்கு வந்து, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிடுவான். எதற்காகக் காட்டிக்கொடுத்தானோ அது கைக்கு வந்தது, அனுபவிக்க முடியவில்லை.

மூக்கனின் மனைவி இருளாயி ஜெயிலில் சோறு கொடுத்துவிட்டு ஆவூருக்குச் சுற்றிக்கொண்டு வருவாள். திட்டுவதற்கு வரவில்லை. திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தம்பி, அந்தப் படம் கழுவி வந்துருச்சா?"

"இன்னும் வரல மதினி."

"நல்லா வெளுத்துக் கழுவச் சொல்லுப்பா. ஒங்க அண்ணன் பக்கத்து ஞாயம் பளிச்சுனு தெரியணும்."

ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் அதே பதில். அவள் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போவாள். அவளிடம் பிலிமைத் துணி மாதிரி வெளுக்க மாட்டார்கள் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

*

ஒரு நாள் கம்பெனிக் கார் ஆவூர் தெருவில் வந்து நின்றது.

பஞ்சநதமே இறங்கினார்.

சந்தனராஜ் வேட்டியைக்கூடச் சரிசெய்யாமல் ஓடினான்.

"சார்... கழுவிட்டீங்களா சார்? பிலிம் கொண்டாந்திருக்கீங்களா?"

"எந்தப் பிலிம்?"

"அன்னைக்கு எடுத்தது சார். கண்ணுசாமி செத்தது."

"ஓ, அதுவா..." பஞ்சநதம் கார்க் கதவில் சாய்ந்துகொண்டார். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "போட்டுப் பாத்தோம்ப்பா. சாவு சரியில்ல."

"சார்?"

"சொத்துனு விழுந்துட்டார். நெஞ்சைப் புடிக்கல. தள்ளாடல. ஒரு வார்த்தை பேசல. கண்ணைக்கூட அழகா மூடத் தெரியல. யார் நம்புவா? கொட்டகையில சிரிப்பான். தத்ரூபமாவே இல்ல. அந்தத் துண்டை வெட்டி, பழைய பிலிமை உருக்கி வளையல் பண்றவனுக்கு எடைக்குப் போட்டாச்சு."

"அதுல..." மெதுவாகக் கேட்டான். "ஆண்டியப்பன் துப்பாக்கிய நெஞ்சுக்கு நேரா புடிச்சது தெரிஞ்சுச்சா சார்? நீங்க சொன்னது கேட்டுச்சா?"

"தெளிவா! என் கொரல் கணீர்னு விழுந்திருக்கு. அது ஒண்ணுதான் நல்லா வந்திருந்துது." பஞ்சநதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன், அந்த வேட்டைக்காரன் கேஸ் இன்னுமா முடியல?"

பயந்து எரித்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். இந்த மனிதர் அதை ஒளிக்கக்கூட இல்லை. மூக்கனின் உயிர் இப்போது எந்தச் சந்தையிலோ, எந்தப் பெண்ணின் கையிலோ வளையலாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் இருளாயி வருவாள். அவளிடம் என்னவென்று சொல்வது?

அழுகை வரும் என்று பார்த்தான் சந்தனராஜ். வந்தது சிரிப்பு. வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஒரு சிரிப்பு.

பஞ்சநதம் வந்த காரியத்தைச் சொன்னார். அதே காட்சியைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள். இந்தத் தடவை வம்பே வேண்டாம், மரத் துப்பாக்கியே போதும். ஜமீன்தார் வேஷத்துக்குப் புதிதாக ஒரு நாடகக்காரன் கிடைத்திருக்கிறான். அவனுக்கு ஒழுங்காகச் சாகத் தெரியவில்லை என்பதுதான் ஒரே குறை.

"யாராவது நல்ல ஆளா இருந்தாச் சொல்லேன்" என்றார். "சாவுன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆளு."

சந்தனராஜ் உள்ளே போய் மரத் துப்பாக்கியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

"கண்ணுசாமியையே கூப்பிடுங்க சார். பாவம், அவருக்கு இப்பத்தான் ஒரு ஒத்திகை ஆயிருக்கு... அடுத்த டேக்குல பழகிருவாரு."