அரைச் சக்கரம் பின்னால்

தாராபுரத்தில் அப்போது இருபத்தாறு உடற்பயிற்சிக் கூடங்கள் இருந்தன. தெருவில் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. விடிந்ததும் பாதி ஊர் எழுந்து, இறுக்கமான உடுப்பை மாட்டி, தலைக்கவசமும் அணிந்துகொண்டு கூடத்துக்குப் போகும். நான்கு சுவருக்குள் எதற்குத் தலைக்கவசம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவரவர் கண்ணாடி அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அசையாத மிதிமேடையில் ஏறி நாற்பது நிமிடம் மிதிப்பார்கள். அறையை மூன்று பக்கமும் வளைத்திருக்கும் காட்சிச் சுவரில் முடிவில்லாத மலைப்பாதை ஓடும். பக்கத்தில் உடனோட்டி வரும்.

உடனோட்டி ஆளல்ல. சுவரில் தெரியும் ஓர் உருவம். மஞ்சள் சட்டை, தலைக்கவசம், பார்த்தவுடன் மறந்துபோகும் ஒரு பெண் முகம். மிதிக்கிறவரின் கால் அழுத்தத்தையும் மூச்சையும் மேடை அளந்து சொல்லச் சொல்ல, அது அவர் வேகத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அவருக்கு இரைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இரைக்கும். பேசினால் பதிலும் சொல்லும். இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்டவர்கள்கூட மூன்றாம் நாள் அதனிடம் பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் அதிகம் பேசாதவர்கள்தான் முதலில் ஆரம்பித்தது.

இந்த வகுப்புகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டுவது ஜெசிந்தாவின் வேலை. நிறுவனம் கொடுத்த அட்டையில் 'மெய்நிகர் மிதிவகுப்பு விளக்குநர்' என்று நீளமாகப் போட்டிருந்தார்கள். தூத்துக்குடியில் இருக்கும் அவள் அக்கா அதை 'சைக்கிள்காரி' என்று சுருக்கிவிட்டாள். வயது முப்பத்தொன்பது. நான்கு வருடத்தில் முந்நூற்றுப் பதினோரு கூடங்கள். பேருந்து, விடுதி, பொட்டலத்தில் இட்லி, மறுபடி பேருந்து. விடுதி வரவேற்பில் சாவி வாங்கும்போது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தும் கேட்பாள். பதிலுக்காக அல்ல, யாராவது இரண்டு வார்த்தை பேசட்டும் என்றுதான். அவளுக்குத் தனிமை பிடிக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

விளக்குநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கையேட்டிலும் கிடையாது, எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள். அதற்கு 'அரைச் சக்கரம்' என்று பெயர். ஓட்டிக் காட்டுவதற்கென்று இரட்டை மேடை ஒன்று இருக்கும். இரண்டு சைக்கிள்களும் சின்னத் தண்டவாளங்களில் முன்னும் பின்னும் நகரும். வேகம் கூடியவர் முன்னால் போவார். கூடத்தின் முதலாளியோ வாடிக்கையாளரோ ஒன்றில் ஏறுவார், விளக்குநர் மற்றொன்றில். தோற்ற வாடிக்கையாளர் வகுப்பில் சேர்வதில்லை. ஆகவே விளக்குநர் அரைச் சக்கர அளவு பின்னால்தான் வர வேண்டும். அப்பட்டமாகத் தோற்றாலும் காரியம் கெட்டுவிடும். பக்கத்து மூச்சைக் கேட்டு, அவர் தளர்வதற்கு ஒரு நொடி முன்பே நாம் தளர வேண்டும். அப்போது தன் வேகம் கூடிவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். இந்த வித்தையில் ஜெசிந்தாவை மிஞ்ச ஆள் இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துப் பொறியாளர்கள் உடனோட்டியைச் செய்ய உட்கார்ந்தபோது, அதற்குத் தோழமையைக் கற்பிக்க ஓட்டப் பதிவுகளைத் தேடினார்கள். எந்த ஓட்டங்களில் வாடிக்கையாளர் அதிகம் சிரித்திருக்கிறார் என்று பார்த்துப் பொறுக்கினார்கள். பத்துக்கு எட்டு ஜெசிந்தா ஓட்டியதாக இருந்தது. அந்த அம்மாவின் வேகமே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம். அவளும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லா விளக்குநர்களின் குட்டும் உடைந்துவிடும். ஆக, தோழமை என்றால் அரைச் சக்கரம் பின்னால் வருவது என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. நாடு முழுவதும் எல்லோரும் தினமும் ஜெயித்தார்கள்.

அதன் பிறகு மனிதர்கள் சேர்ந்து ஓட்டுவது மெல்ல நின்றுபோனது. தாராபுரத்தில் ஞாயிறுதோறும் ஆற்றுப்பாலம் தாண்டிப் போய்வரும் சைக்கிள் குழு ஒன்று இருந்தது, இருபத்திரண்டு பேர். ஆறே மாதத்தில் கலைந்துவிட்டது. சண்டை, மனத்தாங்கல் எதுவும் இல்லை. பக்கத்தில் வருகிற மனிதர் சில சமயம் முந்திவிடுகிறார், அவ்வளவுதான்.

அந்தக் குழுவை நடத்திவந்தவர் தீரன். ஐம்பத்தொரு வயது. பெரியகடை வீதிப் பக்கம் அவருடைய உடற்பயிற்சிக் கூடம். மனைவியைப் பிரிந்து ஒன்பது வருடமாகத் தனியாக இருந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு, உடனோட்டியைப் பொருத்த வந்த அன்று, ஜெசிந்தா அவரோடு இரட்டை மேடையில் ஓட்டினாள். வழக்கம்போல அரைச் சக்கரம் பின்னால். இறங்கிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தார்.

"நீங்க விட்டுக்குடுத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க மேடம். அடுத்த தடவ வர்றப்ப விட்டுக்குடுக்காம ஓட்டுங்க. தோத்தாலும் பரவால்லீங்க, கூட ஒரு ஆளு ஓட்டுனாங்கன்னு இருக்கும்."

முந்நூற்றுப் பதினோரு கூடங்களில் அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். ஜெசிந்தா அந்தப் பேச்சை ஆறு மாதம் தன்னோடு வைத்திருந்தாள். ஒட்டன்சத்திரத்திலும் அரவக்குறிச்சியிலும் விடுதி மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கையில் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அடுத்த முறை உண்மையாக ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்தபின், ஒருநாள் வெளியில் நிஜச் சாலையில் சேர்ந்து போகலாமா என்று கேட்க வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

புதிய மலைப்பாதை ஒன்றை ஓட்டிக் காட்ட அவளை மறுபடி தாராபுரத்துக்கு அனுப்பினார்கள். காலை ஒன்பது மணிக்கு, கூட்டம் வடிந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். தீரன் ஓர் அறையிலிருந்து வேர்வையோடு வெளியே வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. பஸ்ஸுல எடம் கெடச்சுதுங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் வந்தேன் சார். பழகிட்டு." ஜெசிந்தா காலணியை மாற்றிக்கொண்டே சொன்னாள். "சார், இன்னைக்கு விட்டுக்குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"என்னதுங்க?"

"நீங்கதான சொன்னீங்க போன தடவ. விட்டுக்குடுக்காம ஓட்டுங்கன்னு."

"நானுங்களா?" தீரன் யோசித்தார். அவருக்கு நினைவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சொல்லியிருப்பனுங்க. அதுக்கென்ன, நல்லா ஓட்டுங்க."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஏறினாள். மறந்தவருக்கு ஓட்டும்போது நினைவு வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் கிலோமீட்டர் நன்றாகவே போனது. அவள் அவருடைய மூச்சைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. கால் தன் இஷ்டத்துக்குப் போயிற்று. அவள் சைக்கிள் தண்டவாளத்தில் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது, பிறகு இன்னொரு சாண். தீரன் சிரித்தார், "அடேங்கப்பா" என்றார், எட்டிப் பிடித்தார், மறுபடி விட்டார். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் சைக்கிள் ஓட்டினாள். சந்தோஷத்தில் சத்தமாகப் பேசக்கூடச் செய்தாள்.

"வாங்க சார், மேடு வருது. சேந்தே ஏறிருவோம்!"

திரும்பிப் பார்த்தாள். தீரன் மிதிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஒடம்புக்கு ஏதும் சுகமில்லீங்களா மேடம்?"

"நல்லாத்தான இருக்கேன். ஏன் கேக்கீங்க?"

"இல்லீங்க, அவங்க இப்படி ஓட்ட மாட்டாங்க."

"எவுங்க?"

தீரன் தான் வெளியே வந்த கண்ணாடி அறையை மோவாயால் காட்டினார். "அவங்கதானுங்க. உங்க மூச்சு, உங்க ஓட்டத்த வச்சுத்தான் பண்ணுனோம்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. தெனமும் உங்ககூடத்தானுங்க ஓட்டிட்டிருக்கேன். அதுல நீங்க..." வார்த்தை தேடினார். "அதுல நீங்க நல்லா இருக்கீங்க."

என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. புண்படுத்தும் எண்ணம் துளியும் இல்லாத மனிதர். "சித்த உக்காருங்க, பாதியில விட்டத முடிச்சுட்டு வந்தர்றனுங்க. அப்பறம் டீ சாப்பிடலாம்" என்று சொல்லி அறைக்குள் போனார். கதவு மூடியது.

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீரனின் முதுகு ஏறி இறங்கியது. அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி, ஜெசிந்தாவின் மூச்சை வாங்கிக்கொண்டு, ஜெசிந்தாவின் வழக்கப்படி சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். தீரன் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஜெசிந்தாவிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார் அவள்? இத்தனை நாளில் ஜெசிந்தா உடனோட்டியோடு ஓட்டியதே இல்லை. ஓட்டிக் காட்டுகிறவள் தனக்கென்று எப்போது ஓட்டினாள்? அந்த மஞ்சள் சட்டைக்காரியை ஒரு கை பார்த்துவிட வேண்டும், மூச்சுத் திணறத் திணறத் தோற்கடித்துவிட வேண்டும் என்று எழுந்து அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பாதை விரிந்தது. இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு. மஞ்சள் சட்டைக்காரி பக்கத்தில் வந்து சேர்ந்தாள். ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அப்போது காதுக்கருகில் அந்த மூச்சு கேட்டது.

அவ்வளவுதான், கால் தளர்ந்துவிட்டது. தளர்த்த வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பக்கத்தில் மூச்சு கேட்டால் தளரும் கால் அது. அவள் தளர்ந்ததை மேடை உடனே அளந்து சொல்ல, உடனோட்டியும் தளர்ந்தது. அது பின்தங்குவதைக் கண்டு ஜெசிந்தாவின் கால் இன்னும் தளர்ந்தது. வேகம் இருபத்துநான்கிலிருந்து பதினெட்டானது. பிறகு பதினொன்று, நான்கு. முதலில் இவள் போகட்டும் என்று அதுவும், அது போகட்டும் என்று இவளும். கடைசியில் இரண்டு சைக்கிள்களும் நின்றுவிட்டன. யாருமில்லாத மலைப்பாதையில் இருவரும் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். காற்றில் தேயிலைச் செடிகள் அசைந்தன.

உடனோட்டி அவள் பக்கம் திரும்பியது.

"நீங்க போங்க," என்றது, ஜெசிந்தாவின் அதே தூத்துக்குடி இழுப்போடு. "நான் பின்னாலயே வாரேன்."

ஜெசிந்தா ஆயிரம் பேரிடம் சொன்ன பேச்சு. அவளிடம் யாரும் சொன்னதில்லை. பேருந்தில் இடம், வீட்டில் சொத்து, வரிசையில் முறை, எதற்கும் அவளைப் பார்த்து நீ முதலில் போ என்று ஒருவர் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அவள் மிதித்தாள். சைக்கிள் நகர்ந்தது. அது பின்னால் வந்தது. வேகம் கூட்டினாள், வந்தது. குறைத்தாள், அவசரப்படுத்தாமல் வந்தது. அவளைவிடக் கொஞ்சம் அதிகமாக இரைத்துக்கொண்டு, அவள் மூச்சை அவளுக்காகவே கேட்டுக்கொண்டு வந்தது. ஜெசிந்தா அழுதாள். அழுதுகொண்டே ஓட்டினாள். ஊரெல்லாம் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று புரிந்தது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். இரண்டாவது முறை தட்டியபோதுதான் கேட்டது. தீரன் கதவைச் சற்றே திறந்து தலையை நீட்டினார். ஓட்டத்தை முடிக்காமல் வந்திருந்தார், அவர் அறையில் பாதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், நான் பேசுனது தப்புங்க. உள்ள போயி ஓட்டுனேன், மனசு ஒப்பலீங்க. நீங்க சொன்னது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நான்தான் சொன்னேன், விட்டுக்குடுக்காதீங்கன்னு." கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுல பழைய சைக்கிள் ரெண்டு கெடக்குதுங்க. நாளைக்குக் காத்தால ஆத்துப்பாலம் வரைக்கும் போலாமுங்களா? நீங்க முன்னாடி போயிட்டாலும் சரிங்க. நான் பழகிக்கறேன்."

அவள் ஆறு மாதமாகக் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார். ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். நல்ல மனிதர்தான். ஆனால் நாளை பாலத்தில் அவர் முந்துவார், அல்லது பின்தங்கி முகம் வாடுவார். எதுவானாலும் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். காதுக்கருகில் உடனோட்டி பொறுமையாக இரைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு சார்," என்றாள். "முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

"சரிங்க" என்றார் தீரன். அந்தப் பாதைக்கு முடிவு கிடையாது என்பது அவருக்கும் தெரியும். சற்று நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு தன் அறைக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெசிந்தா அதைப் பார்க்கவில்லை. மேடு முடிந்து இறக்கம் வந்திருந்தது, அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.