நாகலூர் குறுக்குவழி

ஹாரிஸ் இருமினான். அந்த ஒரே இருமல் எதிரே பனிக்குள்ளும், யாஸ்மின் காதில் வைத்திருந்த போனுக்குள்ளும் சேர்ந்தே கேட்டது. போனில் பேசிய, அவளைப் பெற்ற அத்தா நூர் முகமது ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பில், தங்கள் பேக்கரிக்குப் பின்னால் நின்றிருந்தார். நாகலூரில் வாழ்க்கைப்பட்ட யாஸ்மினோ மலைச்சாலையின் இந்தக் கோடியில்.

இங்கே காப்பித் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நுழைந்தால், அடுத்த அடி பேக்கரிக்குப் பின்னால் விழும். இடையில் சாலையும் இல்லை, மலையும் இல்லை. அவள் தம்பி ஹாரிஸ்தான் கண்டுபிடித்தான். மழைக்காலம் முழுக்க ரொட்டிக் கூடையோடு அப்படித்தான் வந்துபோனான். இன்று மாலையும் அக்காவின் கண்ணெதிரே நுழைந்தான். அந்தப் பக்கம் வெளியே வரவில்லை.

ஈர மண்ணும் அழுகிய காப்பிப்பழத் தோலும் மணக்க, கிளைகளில் கோர்த்திருந்த நீர் இலை இலையாகச் சொட்டி இறங்க, பனி அந்த இடைவெளியில் மட்டும் அசையாமல், துணி வைத்து அடைத்ததுபோல் நின்றது. அதற்குள்ளிருந்து சூடான ரொட்டி வாசனை வந்தது.

"வந்துருங்க கண்ணு," என்று தோட்டத்தில் வேலை செய்யும் பாப்பாத்தி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "நொம்பப் பொல்லாத எடம். எங்க ஊட்டு மாடே இதுல போயிருச்சு. உட்டுருங்க."

"நீங்க மாட்ட உட்டீங்க. நான் என் தம்பிய உடமாட்டனுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மண்ணில் வைத்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டாள். குளிர் எலும்பைக் கவ்வியது. விரல்கள் தட்டுப்பட்டன. ஹாரிஸின் விரல்கள். இறுகப் பற்றிக்கொண்டன.

"அத்தா, புடிச்சுட்டேன்!"

"இன்னொரு கை இங்க இருக்குது கண்ணு! நான் புடிச்சிருக்கேன்!"

"நீங்க உட்டுருங்க. நான் இழுக்கறேன்."

போனில் மூச்சிரைத்தது. "நான் உட்டுட்டேம்மா. அவந்தான் உடமாட்டேங்கறான்."

வேரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது.

தோள் வரவில்லை.

இழுத்தாள். இன்னும் கை. வெதுவெதுப்பாக. நாடி துடித்தபடி. கை மட்டும். அவள் காலடியில் கயிறுபோல் சுருள் சுருளாக விழுந்தது. பாப்பாத்தி அலறிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா." குரல் எங்கோ நடுவழியில். "இன்னும் எவ்வளவு தூரம்க்கா?"

"வந்துருவ கண்ணு. அக்கா உடமாட்டேன்."

இழுத்தாள். சுருள் அவள் முழங்கால்வரை ஏறியிருந்தது.

இன்னும் கைதான் வந்துகொண்டிருந்தது.