சில்லுக்குப் படைத்த எட்டு

துடைத்து விறாந்தை மூலையில் சாத்தி வைத்த ஒற்றைச் சக்கர வண்டி, சதீசனின் சில்லு, விடியப் பார்த்தபோது ஈரமாக இருந்தது. இரவு மழை இல்லை. கூரையும் ஒழுகவில்லை. சதீசன் குனிந்து ரயரை ஒரு விரலால் தொட்டான். தண்ணீர் என்றால் வழிந்திருக்கும். இதுவோ, வெண்டிக்காய் வெட்டிய கத்தியில் இழுபடுகிறதே, அப்படி விரலோடு நூலாக வந்தது. விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். கொண்டுபோயிருக்கக் கூடாது. மூன்று நாள் மூடிக் கிடந்த மீன் சட்டியைத் திறந்த நாற்றம். விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். பிறகு சாரத்தை நினைக்க அருவருப்பாக இருந்தது. அதையும் கழற்றி வாளிக்குள் போட்டான்.

"என்ன, காலங்காத்தாலை உடுப்புத் தோய்க்கிறியள்?" குசினிக்குள் இருந்து நிலாந்தினி கேட்டாள்.

"சில்லிலை ஏதோ ஒட்டியிருக்கு."

"மாட்டுச் சாணியாக்கும்."

நெடுந்தீவு ஒழுங்கைகளில் ஓடுகிற வண்டிக்குச் சாணி ஒட்டாமல் இருந்தால்தான் அதிசயம். மனைவி சொன்னதை நம்பத்தான் சதீசனுக்கு விருப்பம். ஆனால் சாணி நாற்றம் அவனுக்குத் தெரியாததா? சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, தபால் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அடுத்த நாள் விடிய, சில்லு மறுபடியும் ஈரம்.

இது அவனுடைய இரண்டாவது சில்லு. முதலாவதைத் தீவில் தெரியாத ஆள் இல்லை. கொழுத்த ஒற்றை ரயர், அதைச் சுற்றிக் கறுப்பு மூடி, இரண்டு பக்கமும் மடித்து விரிக்கிற மிதிபலகை, உள்ளே பற்றரி. ஏறி நின்று முன்னுக்குச் சாய்ந்தால் போகும், பின்னுக்குச் சாய்ந்தால் நிற்கும். கனடாவில் இருக்கும் தமையன் பிரசாந்தன் அதை அனுப்பியபோது, தபால்காரன் சர்க்கஸ் காட்டப் போறான் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். ஏழு வருடத்துக்கு முன் சைக்கிளோடு விழுந்து சதீசனின் இடது முழங்கால் நொறுங்கியது. யாழ்ப்பாணத்தில் வெட்டி, ஏழு தையல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை. சைக்கிள் மிதிக்க முடியாது, மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கவும் முடியாது. ஊரார் சைக்கிள் பாரில், ஒரு கால் விறைத்து நீட்டிக்கொண்டிருக்க, நெல்லு மூட்டை மாதிரிப் போய்க் கடிதம் கொடுத்தான். அந்த வெட்கம் அவனைத் தின்றது. அப்படிப்பட்டவனை நிற்க வைத்தே, நிமிர வைத்தே தீவு முழுக்கக் கொண்டுபோனது அந்தச் சில்லு. அதில் அவனுக்கு உயிர்.

ஆவணியில் அது கடலோடு போனது. ரயர் மாற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பி வந்த நாள். மற்ற நாளென்றால் படகில் அதைக் கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு நிற்பான். அன்று திருவிழாச் சனம். "குடுங்கோ சதீசண்ணை, மேலை கட்டிவிடுறன்," என்று படகில் வேலை செய்யும் லியோன் கை நீட்டினான். சதீசன் கொடுத்துவிட்டான். நடுக்கடலில் ஓர் அலை, ஒரு சாய்வு, கயிறு தளர்ந்தது. விழுந்த அடியில் சில்லின் முன்விளக்கு தானாகப் பற்றிக்கொண்டது. பச்சைத் தண்ணீருக்குள் அந்த வெள்ளை வெளிச்சம் கீழே, கீழே, கீழே போவது கனநேரம் தெரிந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் அவன் வாய்விட்டு அழுதான்.

ஒரு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. செத்தவருக்கு எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பது அங்கே வழக்கம். எட்டு என்று சொல்வார்கள். மீனும் இருக்கும், இறைச்சியும் இருக்கும். "என்ரை சில்லுக்கும் எட்டுச் செய்வமே?" என்று பகிடியாகக் கேட்டான். செத்தவைக்குச் செய்யிறதை விளையாட்டுக்குச் செய்யக் கூடாது என்று நிலாந்தினி ஏசினாள். ஏசிவிட்டு, இந்தச் சாட்டிலாவது மனுசன் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று சமைத்தாள். பின்னேரம் இரண்டு பேருமாக மாவிலித்துறைக்குப் போய், துறையின் ஓரத்தில் இலை போட்டு, சோறும் மீன் குழம்பும் அவித்த முட்டையும் வைத்தார்கள்.

"உங்கடை சில்லு மீனே திண்டது?" என்று அவள் சிரித்தாள். "உங்கடை கால் தோலைத்தான் கனக்கத் திண்டது."

அது உண்மைதான். ஓடப் பழகிய காலத்தில் மூடி உரசி உரசிக் கால் தோல் போனதற்குக் கணக்கே இல்லை. அன்றைக்கும் காலில் ஒரு புண் பொருக்குக் கட்டிக் கிடந்தது. சதீசன் அதை நகத்தால் கிளப்பி, ஒரு துளி இரத்தத்தோடு சோற்றின் மேல் வைத்தான். "இந்தா, வந்து சாப்பிடு," என்றான்.

"சீ! என்ன பழக்கம் இது!"

சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். படைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் பார்த்தான். இலை அங்கே இல்லை. காகம் ஒன்றையும் காணவில்லை. கடல் அலை இல்லாமல் கிடந்தது. இலையை மட்டும் காணவில்லை.

கார்த்திகையில் தமையன் இரண்டாவது சில்லை அனுப்பினான். அதே நிறம், அதே வகை. இடைப்பட்ட காலம் முழுக்க லியோனின் சைக்கிள் பாரில் மூட்டையாகக் கிடந்த சதீசன், வந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய், புது வாகனத்துக்குச் செய்வதுபோல் சில்லுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார்கள். ஒரு சில்லுக்கு ஒரு தேசிக்காய். நசுங்கிய சத்தம் கேட்டது. சில்லு கடந்து போன பிறகு நிலத்தில் தோல் இல்லை, விதை இல்லை, ஒரு சொட்டுப் புளி இல்லை. ரயரைச் சுற்றிப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

"எங்கையோ உருண்டிருக்கும்," என்றான் சதீசன்.

முதல் கிழமை சந்தோசமாகத்தான் போனது. ஐந்து நாள் சார்ஜ் போடாமலே ஓடியது. நல்ல பற்றரி என்று நினைத்தான். பிறகுதான் இந்த ஈரம் தொடங்கியது. பழைய சில்லைக் கண்டால் குரைத்துத் துரத்திய நாய்கள் இப்போது குரைக்கவில்லை. சத்தமில்லாமல் பின்னால் வந்தன. ஒரு நாள் கல் மதில் மூலையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். நான்கு நாய்கள் வரிசையாகத் தலை குனிந்து, சில்லு போன தடத்தை நக்கிக்கொண்டு வந்தன. கண்ணை மூடிக்கொண்டு, அனுபவித்து நக்கின. அன்று கடிதம் வாங்கியவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்தியதுபோல் தோன்றியது. கைகளை மணந்து பார்த்தான். சட்டையை மணந்து பார்த்தான். நாற்றம் எதில் இருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

அன்று மாலை நிலாந்தினி அவன் காலைப் பார்த்தாள். சில்லின் மூடி படுகிற உள்பக்கத்தில், இரண்டு கெண்டைக்காலிலும் உள்ளங்கை அளவுக்கு மயிரைக் காணவில்லை. தோல் கறுத்து, வழவழவென்று கிடந்தது. அவள் நகத்தால் அழுத்தினாள்.

"நோகுதோ?"

"இல்லை."

ஊசியால் குத்தினாள். "இப்ப?"

"ஒண்டும் தெரியேல்லை."

அவள் கையை இழுத்துக்கொண்டு எழும்பினாள். "அதைக் கொண்டுபோய்க் கடலிலை தள்ளுங்கோ. எனக்கு அதைப் பாக்கவே ஓங்காளம் வருது."

"தள்ளிப்போட்டு? திரும்பியும் லியோன்ரை பாரிலையோ? ஏலாது நிலாந்தி. நான் இனி ஒருத்தற்றை சைக்கிளிலையும் ஏற மாட்டன்."

"நாறினாலும் பரவாயில்லையோ?"

"பரவாயில்லை," என்றான். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னான்.

இரண்டு நாளில், தாய்க்குக் காய்ச்சல் என்று அவள் படகேறி மண்கும்பானுக்குப் போனாள். அவள் போன அன்றே காற்றுக் கிளம்பிப் படகு நின்றது. அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கே வானம் கறுத்து, மின்சாரமும் போய், வீடு முழுக்க அந்த நாற்றமும் கதவைத் தட்டுகிற காற்றுமாகச் சதீசன் தனியாகக் கதிரையில் இருந்தான். அப்போது விறாந்தை மூலையில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. பல் இல்லாத வாய் எதையோ மெல்லுகிற சத்தம். நின்றது. திரும்பக் கேட்டது.

ரோச் லைட்டையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு போனான். சில்லைப் படுக்க வைத்து, மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒவ்வொன்றிலும் அந்த நூல் இழுபட்டது. மூடியைத் தூக்கினான். சூடான ஆவி முகத்தில் அடித்தது.

உள்ளே வயர் இல்லை. சோறு இருந்தது.

ஊதிப் பருத்து, மஞ்சள் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிய சோறு. மூன்று மாதத்துக்கு முன் படைத்த சோறு, இப்போதுதான் இறக்கி வைத்ததுபோல் ஆவி பறந்தது. அதற்குள் மீன் முள்ளு. நசுங்காத அவித்த முட்டை. தேசிக்காய் விதைகள் முளைவிட்டு, வெள்ளை வேர்களைச் சோற்றுக்குள் நீட்டியிருந்தன. எல்லாம் மெதுவாக அசைந்தன. உள்ளுக்கு இழுபட்டு, வெளியே வந்து, உள்ளுக்கு இழுபட்டு. சதீசன் முற்றத்துப் பக்கம் திரும்பி, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாதவரை சத்தி எடுத்தான்.

திரும்பி வந்து ரயரில் வெளிச்சம் அடித்தான். கறுப்பு ரப்பர் வெயிலில் எரிந்த முதுகு மாதிரி உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் கீழே வேறு நிறம். மாநிறம். அதில் சின்னச் சின்ன மயிர்.

தோல்.

குனிந்தான். மூச்சு அதில் பட்டது. அந்த மயிர்கள் சிலிர்த்து எழும்பின.

அதே நேரம் அவன் கெண்டைக்காலில், ஊசி குத்தியும் தெரியாத அந்த இடத்தில், சூடாக ஒரு மூச்சுப் பட்டது.

ஆரும் இல்லை. பின்னால் ஆருமே இல்லை. ஸ்குரூ டிரைவர் நுனியால் ரயரை மெல்லத் தொட்டான். காலில் குத்தியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். காலில் வலித்தது. சீ. சீ. சீ. சில்லை ஒரு விரலால் உருட்டினான். தோல் ஒரு சுற்று வந்தது. ஓரிடத்தில் ரப்பருக்கு அடியில் வரிவரியாக ஏதோ தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு தையல்.

சாரத்தை உயர்த்தி இடது முழங்காலைப் பார்த்தான். தழும்பு இல்லை. அந்த இடம் கறுப்பு. ரயர் கோடுகள் ஓடிய கறுப்பு.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பாரில் போகலாம். மூட்டையாகப் போகலாம். ஊர் சிரிக்கட்டும். காலம் முழுக்கச் சிரிக்கட்டும். இது மட்டும் வேண்டாம். மூடியைப் போட்டு முறுக்கினான். ஆனால் துறை இரண்டு மைல் கட்டைக்கு அப்பால் இருந்தது. இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் காலால் பத்து அடிகூடப் போக முடியாது. அதை எறிவதற்கும் அதில்தான் ஏறிப் போக வேண்டும்.

ஏறினான். மிதிபலகை இரண்டும் இளஞ்சூடாக, மெத்தென்று பாதத்தை வாங்கிக்கொண்டன. ஒழுங்கையில் ஒவ்வொரு கல்லும் முழங்காலில் குத்தியது. சேறு தோலில் அப்பியது, அவன் தோலில், கீழே. மதில்களுக்கு இடையில் நாய்கள் வந்தன. நக்கின. அந்த நாக்குகளும் அவனுக்குத் தெரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தான். இன்னும் சாய்ந்தான்.

துறையில் ஒருவரும் இல்லை. காற்று விழுந்திருந்தது. இலை போட்ட அதே ஓரத்தில் நிறுத்தி இறங்கினான். பாதங்கள் ஈரச் சத்தத்தோடு பிரிந்தன. சில்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். அவனை நிமிர்த்தி நிற்க வைத்த கடைசிச் சாமான் இது. கண் கலங்கியது. அதற்காக அவனுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஒரே தள்ளு.

விழுந்தது. விளக்குப் பற்றிக்கொண்டது. வெள்ளை வெளிச்சம் கீழே, கீழே, கீழே.

குளிர் ஏறியது. காய்ந்த சீமெந்தில் நிற்கிறான், கணுக்காலில் குளிர். கெண்டைக்காலில். முழங்காலில். உப்பு எரிந்தது. சதீசன் நகரவில்லை. முடியும், எல்லாம் முடியும், கொஞ்ச நேரம் பொறுத்தால் எல்லாம் விறைத்துப் போகும் என்று எண்ணினான்.

அப்போது கீழே, அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில், இன்னொரு வெளிச்சம் பற்றிக்கொண்டது.

முழங்காலை ஏதோ நக்கியது.

மெதுவாக. அகலமாக. தழும்பின் மேலே, ஒவ்வொரு தையலாக. பிறகு வாய் வைத்து இழுத்தது. சதீசன் கத்தினான். ஏழு வருடமாக மடங்காத கால் மடங்கியது. அவன் துறை ஓரத்தில் முழங்காலில் இருந்தான், முகம் தண்ணீருக்கு நேரே. பழைய மீன் குழம்பு மணம் மேலே வந்தது.

கீழே இரண்டு வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் திரும்பின. அவசரப்படாமல், ஒரே வேகத்தில், துறைப் படிகளை நோக்கி உருண்டு வந்தன.